இழுத்தால் அறாத மீ



உணவில் கலக்கும் நஞ்சைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். பினாங்கில் நின்றுகொண்டு இதைப் பேசுவது எளிதல்ல. மீ கோரெங், பசெம்போர், செண்டோல், நாசி கண்டார் என்று நம் ஊரின் பெயரே சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல ஊர்களிலிருந்து மக்கள் பஸ் ஏறி வந்து ஜார்ஜ் டவுனில் வரிசை பிடித்து நின்று சாப்பிடுகிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. உண்டு என்பதால்தான் பேசுகிறேன்.

1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நம் பக்கத்து மாநிலமான பேராக்கில் 13 பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அத்தனை பேரும் சீனர் வீட்டுப் பிள்ளைகள். ஈரல் செயலிழந்து, அந்தப் பாதிப்பு மூளைக்கு ஏறி, மருத்துவர்கள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனபோது, விசாரணை லோ ஷி ஃபுன்னில் போய் நின்றது. அரிசி மாவில் செய்யும், குட்டை குட்டையான வெள்ளை மீ அது. நம் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவதுதான்.

பரிசோதனையில் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒன்று அஃப்லடாக்சின். ஈரம் பட்ட தானியத்திலும் கடலையிலும் பிடிக்கும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. பிள்ளைகளின் ஈரலைத் தாக்கியது முக்கியமாக அதுதான் என்றார்கள் மருத்துவர்கள். மற்றொன்று போரிக் அமிலம். இந்த இரண்டாவதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. பூஞ்சை தானாக வரும். போரிக் அமிலம் தானாக வராது. கரப்பான் பூச்சிக்கும் எறும்புக்கும் வைக்கிற மருந்து அது. யாரோ ஒருவர் கையால் அள்ளி மாவில் போட்டால்தான் மீயில் இருக்கும்.

ஏன் போடுகிறார்கள்? மீ சீக்கிரம் கெடாது. அதைவிட முக்கியம், இழுத்தால் அறாது. பல்லில் பட்டால் துள்ளும். நேற்று செய்த மீ இன்றும் புதிதுபோல் நிற்கும். உணவுச் சட்டம் 1983இல் வந்தது, விதிமுறைகள் 1985இல் வந்தன. மீயில் போரிக் அமிலம் சேர்க்க இடமே இல்லை. அப்படியிருந்தும், நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கடைகளில் மீ வாங்கிச் சோதித்தபோது அது திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கிறது.

சங்கத்தின் பெயரைச் சொன்னதும் எஸ்.எம். முகமது இத்ரிஸ் ஐயாவைச் சொல்லாமல் போனால் அது நன்றி மறந்த பேச்சு. தமிழ் மண்ணில் பிறந்து இந்தத் தீவுக்கு வந்தவர். பல பத்தாண்டுகள் சங்கத்தின் தலைவராக இருந்து, 2019 மே 17ஆம் தேதி மறைந்தார். வெள்ளை ஜிப்பாவும் சொங்கோக்குமாக எந்த மேடையில் ஏறினாலும், யார் மனம் கோணும் என்று பார்க்காமல் பேசியவர். மீயில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை மீ வாங்குகிறவனுக்கு உண்டு என்பதை இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஆனால் கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. கொஞ்சம் நொய்ந்த மீயைத் தட்டில் வைத்தால் முகம் சுளிப்பது யார்? பழுப்பாக இருக்கும் பொருளை ஒதுக்கிவிட்டுப் பளிச்சென்று இருப்பதை எடுப்பது யார்? தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்கள். புதுச்சேரி முந்திக்கொண்டது, தமிழ்நாடு பின்தொடர்ந்தது. துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்தது. வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே இனிப்புத்தான். ரோஸ் நிறம்தான் வேண்டும் என்று பிள்ளை அழ, நாமும் காசை நீட்டினோம். சாயம் உள்ளே வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பயம் பல நேரம் தவறான இடத்தில் போய் உட்காருகிறது. அஜினோமோட்டோ என்றாலே பதறுகிறோம். உலக நிபுணர் குழு 1987இலேயே அதை ஆராய்ந்து, தினசரி உச்சவரம்பு குறிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதறுகிற நாமே, மேசையில் இருக்கும் டின்னைக் கண்டு பதறுவதில்லை.

இதோ, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தே தாரிக்குக்கு ஊற்றும் டின். பால் டின் என்றுதான் வீட்டில் சொல்கிறோம். பின்பக்கத்தைத் திருப்புங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். முதலில் இருப்பது சீனி. பால் பின்னால் நிற்கிறது, பக்கத்திலேயே பாமாயில். இன்னும் கீழே, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று சிறு எழுத்தில் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் போராட்டம் இருக்கிறது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். அந்தக் கால மலாயாவில் வேலை பார்த்தவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தார்கள். கனவான்கள் நிறைந்த அவையில் எழுந்து நின்று, தாய்ப்பாலை விட்டு இனிப்புப் பால் டின்னைப் பிடிக்கத் தாய்மார்களைத் தூண்டும் விளம்பரத்தால் குழந்தைகள் சாகிறார்கள், இது கொலைக்குச் சமம் என்று நேருக்கு நேர் சொன்னார். அந்தப் பேச்சை 1986இல் புத்தகமாக அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்தது எந்த ஊர் தெரியுமா? இந்தப் பினாங்கு. அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் அலுவலகம் அப்போது இங்கே இருந்தது.

குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டோம். பெரியவர்கள் நாம் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடித்துக்கொண்டிருக்கிறோம். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. நல்ல காரியம். ஆனால் காப்பிக்கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடாது. அங்கே வாய் திறந்து சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்: "அண்ணே, சீனி குறைச்சு!"

கடைசியாகத் தைப்பூசத்துக்கு வருகிறேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுகப் பந்தல்கள். பெரிய பீப்பாயில் ஐஸ் கட்டி மிதக்க, ரத்தச் சிவப்பில் சிராப்பைக் கலக்குகிறோம். காவடி பார்க்க வந்த பிள்ளை ஐந்தாறு பந்தலில் வாங்கிக் குடிக்கிறது. வீடு திரும்பும்போதும் அதன் நாக்கு சிவந்தே இருக்கிறது. பக்தியோடுதான் கொடுக்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் மனமுவந்து கொடுப்பதில் சீனியும் சாயமும் ஏன் இருக்க வேண்டும்? இஞ்சி தட்டிப்போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட நீர்மோர் இருக்கிறது. சீனி போடாத பார்லி இருக்கிறது. வெறும் குளிர்ந்த தண்ணீரே போதும், அந்த வெயிலுக்கு.

பந்தல் வைக்கிறவர்கள் பலர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வரும் தைப்பூசத்துக்குச் சாயச் சிராப் இல்லாமல் பந்தல் நடத்தச் சம்மதிக்கிறவர்கள் உங்கள் பந்தலின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எழுதுகிற ஒவ்வொரு பந்தலுக்கும் முதல் அண்டா மோருக்கான தயிர் என் செலவு.