கதவுப்பிடியும் காப்பீடும்



போதும் என்று மனசுக்குத் தெரிந்தும், தோல் வெடிக்கும்வரை கை கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தே வேலைக்குப் போக முடியாமல் நிற்பவர்களும் உண்டு. ஓ.சி.டி. என்னும் இந்த நோயைப் பிடிவாதம் என்று திட்டுவது பெரிய கொடுமை.

1966-இல் லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் ஒரு வழி கண்டார். நோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்து, அவர் அஞ்சுகிற பொருளைத் தொடச் செய்தார், கழுவ விடவில்லை. செவிலியர்கள் கூடவே இருந்தார்கள், அறைக்குழாயில் தண்ணீரைக்கூட நிறுத்தினார்கள். பயம் உச்சத்துக்குப் போய், மெல்லத் தானாகவே தணிந்தது. இன்று அதையே படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு செய்கிறார்கள். மாத்திரையும் உண்டு. பலருக்கு வீட்டிலிருந்து போய்வந்தாலே போதும். நோய் முற்றியவர்களுக்குத்தான் தங்கும் சிகிச்சை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

செலவு? உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஆனாலும் பல பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாராவாரம் போய்வரும் சிகிச்சைக்குத் தருவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே காத்திருப்புக் காலம் எவ்வளவு, முன் அனுமதி உண்டா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.