தக்காளிப் பயிரும் காய்ப்புழுவும்
(நமது சங்கத்தின் விவசாயக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

  

அநுபவத்தில் என்னினும் மூத்த குடியானவர்கள் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே பேச யான் தகுதியுடையேன் அல்லேன். எனினும், என் வயலில் நேர்ந்த நஷ்டமும் அதனால் யான் கற்ற பாடமும் நம்மவர்க்குப் பயன்படக்கூடுமென்று எண்ணியே காரியதரிசியவர்களின் கட்டளைக்கு இசைந்தேன்.

பாலாற்றங்கரை நிலங்களின் கதையை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகள் நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அவற்றின் கழிவு நீரோ நம் கிணறுகளைக் கெடுத்தது. இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் கணக்கு, 1996-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கூறப்பட்டுள்ளது. அவ்வாறிருக்க, எஞ்சிய நல்ல மண்ணின்மீது நாமே நம் கையால் விஷத்தைத் தெளித்தல் தகுமோ?

யானும் தெளித்தவனே. இரண்டு வருஷங்களுக்கு முன், வாரம் இருமுறை விதவிதமான மருந்துகளை அடித்தேன். கடன் ஏறிற்றேயன்றிப் புழு குறையவில்லை. கூடையில் பாதிக்கு மேல் துளை விழுந்த காய்கள். அவற்றைப் பறித்த என் மனைவி, கை எரிச்சலால் அன்றிரவு முழுதும் உறங்கவில்லை. அன்றே அவ்வழக்கத்தை விட்டேன்.

மருந்து பலியாமைக்குக் காரணம் யாதெனில், தாய் அந்துப்பூச்சி இரவிலே இலைகளிலும் பூக்களிலும் முட்டையிடுகிறது. பொரித்த புழு சில நாட்களில் காயினுள் தலையை நுழைத்துக்கொள்கிறது. பிறகு மருந்து அதனை எட்டுவது அரிது. புழுவைத் தின்னும் குளவியும் சிலந்தியுமே மடிகின்றன. தப்பிய புழுக்களின் சந்ததியோ மருந்துக்குப் பழகிவிடுகிறது. 1987-ம் வருஷத்திலேயே ஆந்திர தேசத்துப் பருத்தி வயல்களில் இதே புழு, அக்காலத்தில் உயர்ந்தவையெனக் கருதப்பட்ட மருந்துகளுக்கும் அடங்காமற் போயிற்று.

இனி, யான் கைக்கொண்ட முறைகளைக் கூறுவேன்.

முதலாவது, செண்டுமல்லி. 25 நாள் தக்காளி நாற்றுடன் 40 நாள் செண்டுமல்லி நாற்றை, பதினாறு வரிசைக்கு ஒரு வரிசையாக நடவேண்டும். இரண்டும் ஒருங்கே பூக்கும். அந்து செண்டுமல்லியையே நாடி முட்டையிடும். அப்பூக்களிலுள்ள புழுக்களை அவ்வப்போது பொறுக்கி அழிக்காவிடில், அதுவே புழுப் பண்ணையாகிவிடும்.

இரண்டாவது, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள். இவற்றில் ஆண் அந்துக்கள் விழுவதைக் கொண்டு முட்டையிடும் காலத்தை அறியலாம்.

மூன்றாவது, பூக்கும் பருவமுதல் வாரந்தோறும் முட்டை ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டுதல். அவற்றினின்று வெளிவரும் சிறு குளவிகள் அந்து முட்டைக்குள் தம் முட்டையை இட்டு, புழு பிறவாமலே தடுக்கின்றன.

நான்காவது, வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராகத் தண்ணீர் கூட்டி, சிறிது சோப்புச் சேர்த்து மாலையில் தெளிக்கவேண்டும்.

இவற்றோடு, சொத்தைக் காய்களை வயலிற் போடாது ஆழப் புதைத்தல் வேண்டும். இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ அணுகாதபடி நாற்றங்காலை நெருங்கிய வலையால் மூடுதலும் அவசியம்.

இவற்றால் புழு அடியோடு ஒழிந்ததென்று யான் பொய்யுரையேன். இன்றும் சொத்தைக் காய் உண்டு; பொறுக்கும் வேலையும் அதிகமே. ஆனால் மருந்துக் கடையில் எனக்குக் கடனில்லை. என் பிள்ளைகள் செடியிற் பழுத்த பழத்தைக் கழுவித் தின்ன யான் அஞ்சுவதுமில்லை.

எனினும் ஒரு குறை. அந்து வரப்பை அறியாது. அடுத்த வயற்காரர் விஷம் தெளித்தால் என் வயற் குளவிகளும் மாளும். அவர் சொத்தைக் காயைக் குப்பையில் எறிந்தால் அதன் அந்து என் செடிக்கே வரும். ஆகையால் இது தனி மனிதன் காரியமன்று; ஊர்க் காரியம். வருகிற பட்டத்திலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் அடுத்தடுத்த வயலுடைய ஐந்து குடும்பத்தார் ஒன்றுகூடி, விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடம் யோசனை கேட்டு, இம்முறைகளைச் செய்து பார்க்கும்படி வணக்கமாய் வேண்டுகிறேன். முன்வருவோர்க்கு என் வயலும் யானும் சாட்சி. எந்நாளும் வந்து பார்க்கலாம்.