ஷூவில் ஒரு சென்சார், மணிக்கட்டில் ஒரு வாட்



அதிகாலையில் ஓடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டத்தை நிறுத்தாமலே அடிக்கடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். வேகம், தூரம், இதயத்துடிப்பு என்று கடிகாரம் காட்டிவந்த வரிசையில் அண்மைக்காலமாக இன்னோர் எண்ணும் சேர்ந்திருக்கிறது. அதுதான் வாட். வீட்டில் பல்பிலும் மிக்சியிலும் அச்சிட்டிருக்கிறார்களே, அதே வாட். ஒரு நொடிக்கு உடல் எவ்வளவு ஆற்றலைச் செலுத்துகிறது என்பதன் கணக்கு.

இந்தப் பழக்கம் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் உல்ரிச் ஷோபெரர், மிதிக்கும் விசையை நேரடியாக அளக்கும் கருவியை 1980-களில் உருவாக்கினார். சைக்கிளில் அது முடியும். மிதிக்கும்போது உலோகம் மிக நுட்பமாக வளைகிறது, அந்த வளைவை அளந்தால் விசை தெரிந்துவிடும். ஓடுகிறவருக்குப் பெடல் ஏது? ஆகவே ஓட்டத்தில் வாட்டை அசைவிலிருந்து கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரத்து நிறுவனமான ஸ்ட்ரைட் செய்வது இதைத்தான். அதன் கருவி ஷூ லேஸில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மிகச் சிறியது. பாதம் எப்படி முடுக்கப்படுகிறது, எப்படித் திரும்புகிறது, காற்றழுத்தம் மாறுவதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதையெல்லாம் உணர்ந்து, நாம் பதிந்துவைத்த உடல் எடையோடு சேர்த்து வாட்டைக் கணக்கிடுகிறது. 2019-ல் வந்த மாதிரியில் எதிர்காற்றை உணரும் வசதியும் சேர்ந்தது.

இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். பாஸ்டன் மாரத்தானில் 32-வது கிலோமீட்டரைத் தாண்டியதும் ஹார்ட்பிரேக் ஹில் என்று ஒரு மேடு வரும். சுமார் 600 மீட்டர் தூரத்தில் 27 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்ற தம் வேகத்தை விடாமல் அந்த மேட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உடலை மேலே தூக்குவதற்கு மட்டும் அவருக்குக் கூடுதலாகச் சுமார் 88 வாட் தேவை. சமதளத்தில் அதே வேகத்துக்கு ஸ்ட்ரைட் காட்டுவது 200 வாட் அளவில்தான் இருக்கும். வேகத்தை மட்டும் பார்த்து ஓடுகிறவர், தம்மை அறியாமலே மேட்டில் சக்தியைக் கொட்டிவிடுவார். இதயத்துடிப்பும் உடனே எச்சரிக்காது, அது ஏறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். வாட் சில நொடிகளில் சொல்லிவிடும்.

இனி, ஷூவில் இருக்கும் சென்சாரைக் கையில் இருக்கும் கடிகாரத்தோடு இணைப்பதற்கு வருவோம். இரண்டும் பேசிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆன்ட் பிளஸ், மற்றது புளூடூத். ஆன்ட் பிளஸ் நம் வானொலி நிலையத்தைப் போல: அது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், எத்தனை கடிகாரங்கள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். புளூடூத்தில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஓர் இணைப்புதான். "சென்சார் கண்ணில் படவே இல்லை" என்று கடிகாரம் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். கைபேசியின் செயலி முன்பே அதைப் பிடித்துவைத்திருக்கும். செயலியை மூடிவிட்டுத் தேடினால் கிடைத்துவிடும்.

முதல் வேலை கைபேசியில். ஸ்ட்ரைட் செயலியைத் திறந்து, உடல் எடையைச் சரியாகப் பதியுங்கள். 70 கிலோ உள்ளவர் 60 என்று பதிந்தால், வாட் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும். அடுத்து, சென்சாரை ஷூவில் மாட்டிக்கொண்டு நான்கு அடி நடந்து பாருங்கள். அசைவில்லாதபோது அது உறங்கிவிடும், அசைந்தால்தான் விழிக்கும்.

கார்மின் கடிகாரமாக இருந்தால், சென்சார் பட்டியலில் புதியதைச் சேர்க்கும்படி கேட்டு, காலில் மாட்டும் சென்சாருக்கான ஃபுட் பாட் என்ற வகையில் தேடுங்கள். வேகம், தூரம் இரண்டையும் எப்போதும் அதிலிருந்தே எடுக்கும்படி அமையுங்கள். திருத்த எண்ணை 100 என்று வைத்து, தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால், ஃபுட் பாடாக இணைத்தால் வருவது வேகமும் தூரமும் மட்டுமே. ஸ்ட்ரைட்டின் வாட் தெரிவதற்கு, கார்மினின் கனெக்ட் ஐக்யூ செயலிக் கடையிலிருந்து ஸ்ட்ரைட்டின் தரவுக் கட்டத்தை இறக்கி, ஓட்டத்துக்கான திரையில் சேர்க்க வேண்டும். சூன்டோ, கோரோஸ் கடிகாரங்கள் பலவற்றில் இந்தச் சுற்று இல்லை, சென்சாரை இணைத்தாலே வாட்டும் வந்துவிடும்.

இணைப்பதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். மாரத்தான் தொடங்கும் இடத்தில் இதே கருவியை மாட்டிய ஷூக்கள் எத்தனையோ இருக்கும். அங்கே போய்த் தேடினால், பக்கத்தில் நிற்பவருடைய காலின் கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடலாம். கருவியின் அடையாள எண்ணை ஒத்துப்பார்த்து ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு கடிகாரம் அதை மட்டுமே தேடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2018-ல் போலார் நிறுவனம், தனிச் சென்சார் இல்லாமல் மணிக்கட்டிலிருந்தே ஓட்ட வாட்டைக் காட்டும் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. 2022-ல் ஆப்பிள் கடிகாரத்திலும் அந்த வசதி வந்தது. கார்மினின் புதிய மாதிரிகளும் தாமாகவே ஒரு வாட்டைக் கணக்கிடுகின்றன. ஆகவே ஒரே ஓட்டத்துக்கு ஒரே கடிகாரத்தில் இரண்டு வாட் எண்கள் தோன்றலாம், இரண்டும் ஒத்துப்போகாது. கார்மினின் எண் பெரும்பாலும் ஸ்ட்ரைட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். எது சரி, எது தவறு என்று வழக்காடுவதில் பொருளில்லை. இரண்டுமே மதிப்பீடுகள், கணக்கிடும் முறைதான் வேறு. ஒன்றைத் தேர்ந்து அதோடு நில்லுங்கள். நண்பருடைய வேறு கருவியின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்கள் எண்ணோடு இந்த மாதத்து எண்ணை ஒப்பிடுங்கள்.

இந்தக் கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. மணலில் கால் புதைந்து இழுபடும்போது உடல் படும் பாடு அதன் கணக்கில் முழுமையாக வராது. வெயிலும் புழுக்கமும் உடலுக்குத் தரும் சிரமமும் அந்த வாட்டில் தெரியாது. சென்னையில் மே மாதம் 200 வாட்டில் ஓடினாலும் ஜனவரியில் ஓடினாலும் அது 200 என்றே காட்டும், இதயமோ மே மாதத்தில் மிக வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கோடையில் வாட்டை மட்டும் நம்பி ஓடாதீர்கள். இதயத்துடிப்பையும் மூச்சையும் கவனியுங்கள்.

இப்போதுதான் ஓடத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கருவி அவசியமில்லை. நல்ல ஷூவும் ஒழுங்கான பயிற்சியும் போதும். பல மாதங்களாக ஓடி, ஒரு பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் வாங்கலாம். வாங்கினால், எடையைச் சரியாகப் பதிந்து, பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பே இணைத்து, அன்றாடப் பயிற்சியில் அந்த எண்ணைப் பழகிக்கொள்ளுங்கள். பழகாத எண்ணைப் பந்தய நாளில் பார்ப்பதால் பயனில்லை.