சித்தாள் கூலியை எப்போது பேசுவது?

சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டட வேலைக்குப் போகும் பெண்களும் இன்றைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து கேளுங்கள். கூலியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஒரு நாள் வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். சித்தாளாக வந்த பெண் மணல் சலிக்கிறார், செங்கல் சுமக்கிறார். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. சாரத்துப் பலகையில் ஏறுகிறார், கொடுக்கிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். நடுவில் சுவருக்குத் தண்ணீர் விடுவதும் அவர்தான், எல்லோருக்கும் டீ வாங்கி வருவதும் அவர்தான். சனிக்கிழமை சம்பளம் போடும்போது, கூடவே உதவி வேலை பார்த்த ஆணைவிட நூறு, இருநூறு ரூபாய் குறைத்து அவர் கையில் வைக்கிறார்கள்.

கேட்டால் மேஸ்திரி என்ன சொல்வார்? "ஆம்பளைங்க மூட்டை தூக்குறாங்க" என்பார். லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கப் பெரும்பாலும் தனி ஆள், தனிக் கூலி. மிச்ச நேரத்தில் இருவரும் சுமப்பது ஒரே சட்டிதானே?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்தது. இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆணின் கூலியைக் குறைத்துச் சமமாக்கவும் கூடாது. மும்பையில் ஒரு கப்பல் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தாளர் தொடுத்த வழக்கில், 1987-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. சின்னச் சின்ன வித்தியாசத்தைக் காட்டி வேலை வேறு என்று வாதாட முடியாது. கொடுக்கப் பணமில்லை என்பதும் பதில் ஆகாது.

வீட்டுக்காரர்களே, "அது மேஸ்திரி பாடு" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பணம் உங்களுடையது. நாள் கூலி என்றால், யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சதுர அடி ரேட்டுக்கு விட்டிருந்தால், உதவியாட்கள் எல்லோருக்கும் ஒரே கூலி என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். கணவனும் மனைவியும் ஜோடியாக வேலைக்கு வந்தால், இரண்டு பேர் கூலியையும் கணவன் கையில் மொத்தமாகத் தருவது வழக்கமாகிவிட்டது. அதை மாற்றுங்கள். அந்த அம்மா உழைத்த காசு அந்த அம்மாவின் கையிலோ அவர் வங்கிக் கணக்கிலோதான் போக வேண்டும்.

அக்கா தங்கச்சிகளே, கூலியைச் சனிக்கிழமை சாயங்காலம் பேசாதீர்கள். வாரம் பூராவும் உழைத்துக் களைத்து, மளிகைக் கடன் கண்முன் நிற்கும்போது வாயே வராது. வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே, கூட வரும் நாலைந்து பேராகச் சேர்ந்து பேசுங்கள். என்றைக்கு வேலை, எவ்வளவு வாங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் புகாரோடு போக நேர்ந்தால் அந்த நோட்டு பேசும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். கணவர் பதிந்திருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். 60 வயதுக்குள் பதிந்து, விடாமல் புதுப்பித்து வந்தால்தான் பிறகு ஓய்வூதியம் கேட்க முடியும்.

என் மனதை உறுத்துவது இன்னொன்று. உதவியாளாக வரும் பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பே வந்த அக்கா, கலவையின் பதம் கைப்பட்டதும் சொல்லிவிடுபவர், கடைசிவரை சித்தாள்தான். கூலியில் பெரிய பள்ளம் விழுவது இந்த இடத்தில். மேஸ்திரிகளே, டைல்ஸ் இடுக்கு அடைப்பது, உள்சுவர்ப் பூச்சு, இதிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து அரை மணி நேரம் அவர் கையில் கரண்டியைக் கொடுங்கள். அந்த நேரம் கலவைச் சட்டியை அந்தப் பையன் சுமக்கட்டும்.