கறி தின்றால் புத்தி மந்தமாகுமா?

(அய்யலூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வியாழக்கிழமை விடியற்காலையில் ஆட்டுச் சந்தை கூடுகிற ஊர் இது. தக்காளிச் சந்தையும் இங்கேதான். இரண்டையும் விற்றுப் பிழைக்கிற ஊரில் நின்று, 'சைவம் சாப்பிட்டால் மனம் அமைதியாகும்' என்கிற பேச்சைப் பேசிப் பார்ப்போம்.

ரீல்ஸில் தினமும் வருகிறது: சாத்வீக உணவு மனஅழுத்தத்தைப் போக்கும், கறி கோபத்தையும் மந்தத்தையும் தரும். கேட்பதற்குப் புது அறிவியல் போல இருக்கும். சரக்கு பழையது. பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று உணவைப் பிரிக்கும்போதே, அதை விரும்புகிற ஆளையும் சேர்த்துப் பிரிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே குணங்களை வைத்து நால்வருணத்துக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறது. தட்டில் தொடங்கியது எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

சரி, உண்மையான அறிவியல் என்ன சொல்கிறது? காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம் கூடுதலாகச் சாப்பிடுவது மனநலத்துக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் 67 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 12 வாரம் உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நோயிலிருந்து தேறினார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்த மற்ற குழுவில் தேறியவர்கள் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த நல்ல உணவுப் பட்டியலில் காய்கறியோடு மீனும் முட்டையும் கொழுப்பு குறைந்த சிவப்புக் கறியும் இருந்தன! ரீல்ஸ்காரர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இன்னொன்று, வைட்டமின் பி12. அது கடுமையாகக் குறைந்தால் சோர்வு, மறதி, மனச்சோர்வுகூட வரும். இயற்கையில் அது கறி, ஈரல், மீன், முட்டை, பால் போன்ற விலங்கு உணவுகளில்தான் கிடைக்கிறது. எவருடைய சோற்றை 'மந்தம்' என்றார்களோ, அந்தச் சோற்றில்தான் நரம்புக்கு வேண்டியது இருக்கிறது. உயிர் மீதுள்ள இரக்கத்தால் கறியை விட்ட தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை. பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சண்டை வேறு இடத்தில். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் எடுத்தார்கள். 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவருக்கென ஒதுக்கிய மேசைகளை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். நூறு பேர் நடுவில் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளையின் மனநலத்தை எந்த யோகா வகுப்பு கணக்கில் எடுக்கிறது? வீடு வாடகைக்குக் கேட்டுப் போய், 'நீங்க சைவமா?' என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்று வாசலில் நின்று யோசிக்கிற ஆளுக்கு என்ன மனஅமைதி? அந்தக் கேள்வியில் கேட்கப்படுவது சாதி என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும்.

1989இல் கலைஞர் ஆட்சி சத்துணவில் முட்டையைச் சேர்த்தது. கர்நாடகத்தில் 2021இல் சில மாவட்டங்களில் முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் கிளம்பி வந்தார்கள். அங்கே வரிந்துகட்டிப் பதில் சொன்னது ஒரு பள்ளி மாணவி.

பச்சைக் காய்கறி ஏழைக்கு எட்டுகிறதா என்பதும் பேச வேண்டிய விஷயம். விலை வீழும்போது இதே ஊர்ப் பக்கம் தக்காளியைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற விவசாயிக்கு மனச்சோர்வு வந்தால், சாத்வீகம் பேசுகிறவர்கள் அவருக்கு என்ன சாப்பிடச் சொல்வார்கள்?

மனம் சரியில்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டெலிமானஸ் 14416 எண்ணில் பேசலாம், கட்டணம் இல்லை. விடுதியில் தனி மேசை போட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.