பாடசாலையில் படித்த பிரெஞ்சு

கியூபெக்கில் 1977இல் வந்த மொழிச் சட்டத்தின்படி, அகதிகளாக வந்த எங்களைப் பிரெஞ்சுப் பாடசாலையில் சேர்த்தார்கள். இடைநிலைக் கல்வி ஐந்து வருடமும் எனக்குப் பிரெஞ்சில்தான். அதில் மூன்று வருடம் முழுநேரமாகப் படித்திருந்தாலே, தாதி உரிமத்துக்குத் தனியான மொழிப் பரீட்சை தேவையில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாக உதவியது வகுப்புத் தோழிகளின் பேச்சு. ‘மல் ஓ கேர்’ என்றால் சொல்லுக்குச் சொல் இதயத்தில் நோவு. அவர்கள் சொல்வதோ குமட்டல். வார்ட்டில் ஒரு நோயாளி அப்படிச் சொன்னதும் வாந்திக் கிண்ணத்தை எடுக்கிறேன்.

எங்கள் அம்மாமாரும் இப்போது வார்ட்டுக்கு வருகிறார்கள். ‘நெஞ்செரியுது பிள்ளை’ என்கிறார்கள். வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். எங்கே, எப்படி எரிகிறது என்று தமிழில் விசாரித்து, வைத்தியருக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.