அழுகண்ணிக்கு ஒரு கவளம்

திருச்சியை அடுத்த ஜீயபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. காவிரி வண்டல், உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீர். குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்போம். அந்த மிதப்பில்தான் பூச்சி தின்னும் செடி ஒன்றை வாங்கி, வாழைக்கொல்லை மண்ணில் ஒரு கை தொழுவுரமும் கலந்து வைத்தேன். இரண்டே வாரத்தில் கருகிப்போனது.

இவை சத்தில்லாத ஈரமண்ணில் பிறந்த செடிகள். வேருக்குக் கிடைக்காத தழைச்சத்தை இலையால் பிடித்துத் தின்னப் பழகியவை. வளமான மண்ணும் உரமும் அவற்றின் வேரைச் சுட்டுவிடும். போர்வெல் தண்ணீரின் உப்பும் அப்படியே. ஆகவே முதல் சாப்பாடு மழைத்தண்ணீர். அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். மண்ணுக்குப் பதில், உப்புப் போக நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவும் மணலும்.

பூச்சி ஊட்டினால் பலன் உண்டா? சார்லஸ் டார்வின் 1875இல் இந்தச் செடிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பூச்சியே இல்லாமலும் இவை நன்றாகத்தானே வளர்கின்றன என்று சிலர் மடக்கினார்கள். மகன் பிரான்சிஸ், நம் சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்கிறார்களே, அதன் உறவுச் செடியை எடுத்துக்கொண்டார். பாதிச் செடிகளுக்கு வறுத்த இறைச்சித் துணுக்கு, மீதி பட்டினி. பூச்சி அண்டாமல் மூடியும் வைத்தார். 1878இல் கணக்கு வெளிவந்தது. ஊட்டிய செடிகளில் விதை இரண்டு மடங்குக்கு மேல். விதைகளின் மொத்த எடையோ ஏறத்தாழ நான்கு மடங்கு!

இதைக் கேட்டுவிட்டுக் கோழிக்கறியோடு கிளம்பிவிடாதீர்கள். அவர் வைத்தது துணுக்கு. நம் கை தாராளமான கை, இலை அழுகிவிடும்.

வீனஸ் பொறிச்செடிக்குப் பொறியின் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பூச்சி போதும். உள்ளேயுள்ள மயிரிழைகளை இருபது விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் மூடும். மூடியபின்னும் பூச்சி துடித்தால்தான் செரிமான நீர் சுரக்கும். செத்த பூச்சி என்றால் பொறியை வெளியிலிருந்து மெதுவாக அமுக்கிவிட வேண்டும். விரலை விட்டு விளையாடக் கூடாது. ஒவ்வொரு பொறிக்கும் சில முறைதான் ஆயுள். இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கமும் வேண்டும். திருச்சியில் அதற்கு எங்கே போவது?

நம் வெயிலுக்குக் குடுவைச்செடி தேவலை. மேகாலயாவில் வளரும் இனத்தைக் காரோ மக்கள் பேயின் கூடை என்பார்கள். குடுவைக்கு ஓரிரண்டு எறும்பு போடுங்கள். உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் காற்று காய்ந்தால் இலைநுனியில் குடுவையே வராது. அப்போது எறும்பைப் போட்டுப் பயனில்லை, நிழலும் ஈரமும்தான் மருந்து.

இன்னொன்று, காசே இல்லாதது. மழை ஓய்ந்தபின் குளத்தில் பாசிபோல் மிதந்து, மஞ்சள் பூவை மட்டும் நீருக்கு மேல் நீட்டும் செடியைப் பார்த்தால் கையில் அள்ளிப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய பைகள் தொங்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தண்ணீரோடு நீர்ப்பூச்சியை உறிஞ்சிவிடும். அதற்கு யாரும் ஊட்டுவதில்லை. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.